துருப்பிடிக்காது என்று சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை



போன வாரம் திருப்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். விறகில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். "டீச்சர், நீங்ககூட கஜாவுக்கு அப்புறம் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சீங்களாமே. எங்க வீட்டுக்காரரும் செய்யப்போறேன்னு டிரம்மெல்லாம் வாங்கி வச்சிருக்காரு" என்றாள்.

"என்ன டிரம்மா?" என்று கேட்டேன்.

"நல்ல ஜி.ஐ. டிரம் டீச்சர். துருவே பிடிக்காது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லு. தீ மட்டும் வைக்க வேண்டாம்" என்றேன். போனை வைத்த பிறகும் மனம் ஆறவில்லை. அவளைப் போல எத்தனை பேருக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைதான் எங்களுக்குச் சோறு. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் கொல்லையில் நின்ற மரங்களில் பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்களும் அப்படியே. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. போரில் தண்ணீர் இருக்கிறது, ஏற்ற வழியில்லை. டாடா ஏஸ் வண்டியில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டேங்கில் ஏற்றிவிட்டுப் போவார்கள். அதற்கும் பெட்ரோல், டீசல் கிடைக்க வேண்டும்.

ஒரு பக்கம் எரிபொருள் இல்லை என்கிறோம். இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் விறகு கிடக்கிறது. அப்போதுதான் என் அப்பா சொன்ன கதை ஞாபகம் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. நம் பக்கத்துப் பஸ்களின் பின்புறம் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு கட்டியிருப்பார்களாம். புறப்படும் முன் ஊதுவிசிறியைக் கையால் சுற்றுவார்களாம். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டுமாம். "கரி பஸ்" என்று சொல்லிச் சிரிப்பார் அப்பா.

அது கதையல்ல. 1920களில் ஜார்ஜ் இம்பர்ட் என்பவர் ஐரோப்பாவில் செய்துகாட்டிய முறை அது. யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள் விறகு வாயுவில் ஓடின. நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1980களில் இதை எடுத்துச் செய்தார்கள். கர்நாடகத்தில் ஹொசஹள்ளி என்ற சிற்றூரில் 1988 முதல் விறகு வாயுவில் மின்சாரம் எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கூர்ந்து பாருங்கள். சுடர் குச்சியை ஒட்டி எரியாது, சற்றே தள்ளி எரியும். எரிவது குச்சியல்ல, சூட்டில் குச்சியிலிருந்து கிளம்பும் ஆவி. விறகு கேசிஃபயரில், காற்றைக் குறைவாக விட்டு, அந்த ஆவியை முழுதாக எரியவிடாமல் பிடிக்கிறோம். மேலே விறகு, நடுவில் தீ, தீக்குக் கீழே தணல் கரி. எஞ்சின் இழுக்கும் இழுப்பில் எல்லாப் புகையும் மேலிருந்து கீழாக அந்தத் தணலின் வழியே வர வேண்டும். தீயில் உண்டான கார்பன் டை ஆக்சைடு தணல் கரியில் பட்டுக் கார்பன் மோனாக்சைடாக மாறும். நீராவி கரியில் பட்டு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஆகும். இவை இரண்டும் எரியும் வாயுக்கள். கிடைக்கும் வாயுவில் பாதி, காற்றில் வந்த நைட்ரஜன்தான். ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, ஏறக்குறைய அதே அளவு அல்லது சற்றுக் குறைவாக ஹைட்ரஜன். இதைக் குளிரவைத்து, வடிகட்டி, பெட்ரோல் எஞ்சினுக்குக் கொடுத்தால் ஓடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் கொஞ்சம் டீசலும் சேர்த்துத்தான் ஓட்ட முடியும்.

இதற்கு அந்தத் தணல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஆயிரம் என்று நோட்டில் எழுதினேன். அந்த ஆயிரத்தை எதில் பிடித்து வைப்பது என்று யோசிக்கவில்லை.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் என் மாணவன். ஆறு முதல் எட்டு வரை என்னிடம் அறிவியல் படித்தவன். பிறகு ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்தான். பெயரைப் போட வேண்டாம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கருப்பு சீட்ல செஞ்சுடலாம் டீச்சர்" என்றான்.

"கருப்பு இரும்பு துருப்பிடித்துப் போகுமேப்பா. விறகில் ஈரம் இருக்கும், உள்ளே தண்ணீர் கோக்கும். ஜி.ஐ. டிரம்மும் ஜி.ஐ. பைப்பும் எடுத்தால் காலத்துக்கும் நிற்கும். நாகமுலாம் பூசுதல், எட்டாம் வகுப்பு, மறந்துபோச்சா?" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றான். "சரிங்க டீச்சர்" என்றான்.

டிசம்பர் மழை. வெளியில் வைத்துச் செய்ய முடியாமல் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை நடந்தது. இரண்டு மணி நேரம் பற்றவைத்திருப்பான். பற்றவைக்கிற இடத்திலிருந்து வெள்ளை வெளேரென்று புகை. பஞ்சுத் துகள் மாதிரி வெள்ளையாக ஏதோ காற்றில் மிதந்தது. நான் சும்மா இருந்தேனா? அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்திருந்த பையனுக்குப் பாடம் எடுத்தேன். "இது துத்தநாக ஆக்சைடுப்பா. அரிப்புக்குத் தடவுகிற காலமைன் மருந்தில்கூட இதுதான் இருக்கிறது" என்றேன். பெயர் சரி. மருந்தில் இருப்பதும் சரி. தோலில் தடவுவது வேறு, புகையாக மூச்சில் போவது வேறு என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் அவன் மனைவி போன் செய்தது. "டீச்சர், இவருக்குக் குளிர் தூக்கிப் போடுது. நெஞ்சை அடைக்குதுங்கறாரு. வாயெல்லாம் இனிக்குதுங்கறாரு." புயலுக்குப் பிறகு எங்கும் தண்ணீர் தேங்கி, ஊரெல்லாம் காய்ச்சல் பயம். டெங்குவாக இருக்குமோ என்று நடுங்கிப்போய் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன வேலை பார்க்கிறீங்க? இன்னைக்கு என்ன பண்ணினீங்க?" சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்து வரும் காய்ச்சல் அது. குளிர், உடம்புவலி, வாயில் உலோக ருசி எல்லாம் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். ஆனாலும் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் காய்ச்சல் இறங்கியது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏம்ப்பா, இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சர். ஐ.டி.ஐ.லயே சொல்லியிருக்காங்க. ஜி.ஐ.ன்னா அடிக்கிற இடத்துல முலாமைத் தேச்சு எடுத்துட்டு, வெளியில வச்சுத்தான் அடிப்போம். ஆனா நீங்க கூடவே நின்னீங்க. ஆபத்து இல்லேன்னுதானே நிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தெரிந்தவன் வாயை என் வரி மூடிவிட்டது. அந்தப் புகையில் நானும் நின்றேன், அந்தச் சின்னப் பையனையும் நிறுத்தினேன். வாசற்பக்கம் நின்றதால் நாங்கள் தப்பித்தோம், அவ்வளவுதான்.

துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. கேசிஃபயர் தணலும் ஆயிரத்துக்கு மேல். அதாவது அந்த டிரம்மைச் செய்து முடித்திருந்தாலும், பற்றவைத்த ஒவ்வொரு முறையும் அதே புகையைத்தான் கக்கியிருக்கும். முலாம் போன பிறகு மிஞ்சுவது மெல்லிய தகரம். நாகமுலாம் இரும்பைத் தண்ணீரிலிருந்து காக்கும். தீயிலிருந்து காக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவனே வந்தான். "டீச்சர், பாதியில விட்டா எனக்கு மனசு கேக்காது. ஆனா இந்தத் தடவை இரும்பை நான் எடுக்கிறேன்" என்றான். "நீ எடுப்பா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். செய்ய நினைப்பவர்களுக்காக, அப்போது எழுதிய நோட்டிலிருந்து தருகிறேன்.

இருவரும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். முதலில் என் கண்ணில் பட்டவற்றையெல்லாம் அவன் தள்ளினான். அலுமினிய அண்டா: 660 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பிரும்புக் குழாய்: சூட்டைத் தாங்கும், ஆனால் திடீரென்று சூடேறி ஆறினால் விரிசல் விடும், சாதாரண ராடில் பற்றவும் பற்றாது. பழைய சமையல் கேஸ் சிலிண்டர்: தொடவே விடவில்லை. காலி என்று நினைத்து அறுப்பார்கள், உள்ளே மிச்ச வாயு இருக்கும், வெடிக்கும்.

பிறகு தீ இருக்கும் குழாய்க்கு மட்டும் மூன்று மில்லி கனத்தில் கருப்பு இரும்பு எடுத்தான். எம்.எஸ். என்பார்களே, அதுதான். "இது ரொம்ப நாள் தாங்காது டீச்சர். ஆனா எங்க தேயுதுன்னு காட்டிக் கொடுக்கும்" என்றான். அப்படியே ஆயிற்று. மொத்தமாகப் பதினைந்து மணி நேரம் ஓட்டியிருப்போம். பிரித்துப் பார்த்தால், காற்று நுழையும் துளைகளுக்கு நேரே இரும்பு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. எம்.எஸ். உருக 1400 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உருகுவதற்கு வெகு முன்பே, சிவக்கச் சிவக்க அது காற்றோடு சேர்ந்து செதிலாகிவிடுகிறது. துருப்பிடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பாடம். சூட்டில் இரும்பு ஆக்சைடாக மாறத் தண்ணீர் வேண்டியதில்லை.

அந்த இடத்துக்கு எஸ்.எஸ். வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர்தான். அதில் இருக்கும் குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலமாகி, உள்ளே இருக்கும் இரும்பை மூடிக் காக்கிறது. ஆனால் எவர்சில்வரிலும் வகைகள் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவன் சொன்னான்: 304 வகையிலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 வகையிலும் ஒட்டாது. 304 வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள், சூட்டில் அது பின்தங்கும். ஆகவே காந்தத்தை நம்பாமல், குழாயின் மேலேயே 304 என்று அச்சடித்திருந்த துண்டைத் தேடி எடுத்தோம். 310 என்று இன்னொன்று உண்டு, 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல். உலைகளுக்கென்றே உள்ளது. விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

எஸ்.எஸ். வாங்கினால் மட்டும் போதாது. சூட்டில் எஸ்.எஸ்., எம்.எஸ்.ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக நீளும். இரண்டையும் மேலும் கீழும் இறுக்கிப் பற்றவைத்தால் ஒன்றையொன்று இழுத்து விரிசல் விடும். அதனால் தீக்குழாயின் மேல் முனையை மட்டும் 309 ராடில் பற்றவைத்து, கீழ்முனையைச் சும்மா தொங்கவிட்டான். நீள்வதற்கு இடம் வேண்டும், இல்லையா?

குழாயைச் சுற்றி என்ன போடலாம் என்பதில் மட்டும் என் யோசனை எடுபட்டது. அரிசி ஆலையிலிருந்து வெள்ளையாக வெந்த உமிச் சாம்பல் வாங்கி, சுற்றிலும் திணித்தோம். சூட்டை வெளியே விடாது. வெளியுடம்பு எம்.எஸ்.ஸிலேயே நின்றது, அதன் கிட்டே தீ வருவதில்லை. கடைசியாக, வாயு கைபொறுக்கும் சூட்டுக்குக் குளிர்ந்த பிறகு வரும் வடிகட்டி. தேங்காய் நார் அடைத்த தொட்டி அது. உள்ளே எப்போதும் ஈரம். "இதுக்கு என்ன டீச்சர் போடலாம்?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டு, "ஜி.ஐ. போடலாம் டீச்சர். இங்க சூடு கிடையாது, தண்ணிதான்" என்றான். பற்றவைக்காமல் போல்ட் போட்டே முடுக்கினான். நான் எழுதிக்கொண்டேன்.

2019 பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம், பழைய பெட்ரோல் பம்ப்செட் கொட்டாங்கச்சியில் ஓடி வாய்க்காலில் தண்ணீர் கொட்டியது. கொட்டாங்கச்சியைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போட வேண்டும். மணிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ பிடித்தது. விழுந்த தென்னையின் தண்டும் மட்டையும் உதவவில்லை. புகையும் சாம்பலும்தான் மிச்சம். பெட்ரோலில் ஓடும்போது இருந்த பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. கரண்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இதனால் எனக்கு ஒரு ரூபாய் மிச்சமானது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறையும் சாம்பல் வாரி, வடிகட்டி கழுவி, தாரைச் சுரண்டி, இடுப்பு வலி கண்டதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேசிஃபயர் செய்யாதவர்களுக்கும் இது வேண்டும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு என்று ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்திருப்பீர்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் மாதிரி வரும். எழுந்து வெளியே போகத் தோன்றாது. எங்கள் கலனை நாங்கள் ஒரு நாளும் கூரைக்கடியில் ஓட்டவில்லை. மூடியைத் திறக்கும்போது முகத்தை நீட்டிப் பார்க்க யாரையும் விட்டதில்லை. உங்கள் வீட்டு ஜெனரேட்டரும் அதே வாயுவைத்தான் விடுகிறது. மழை என்று அதை வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள்.

இப்போது திருத்தம். என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கள். நாகமுலாம் பூசிய இரும்பு நீரில் துருப்பிடிக்காமல் காக்கப்படுகிறது. அதைத் தீயில் வைக்கக் கூடாது. முலாமைத் தேய்த்து எடுக்காமல், மூடிய இடத்தில் பற்றவைக்கவும் கூடாது. புகை பட்டவர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் டாக்டரிடம் போங்கள், என்ன வேலை செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடம் முடிந்ததும் "இது எங்கே செல்லாது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்த பிள்ளை எந்தப் பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்கும். அது வாய் திறந்து சொல்ல நாம் இடம் கொடுக்க வேண்டும்.

அந்தத் திருப்பூர் மாணவிக்கு என் மாணவனின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் இரும்பு வாங்கும் முன் அவனிடம் பேசுவதாகச் சொன்னார். அவன் பட்டறையில் இப்போது இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். ஒரு பையன் ஜி.ஐ. பைப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான். "ஏம்ப்பா வெயிலில் போகிறாய்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"உள்ள வச்சு அடிச்சா அண்ணன் திட்டுவாரு டீச்சர்" என்றான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்